நிலம் அளந்த லாம்டன்

ஓர் ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர் தம் நண்பரின் வீட்டைத் தேடுகின்றார் எனக் கொள்வோம். ஆலமரத்திற்குக் கிழக்கே என்றும், குளத்திற்கு அருகே என்றும் அடையாளம் கூறினால், அவர் பலரை வினவிப் பல தெருக்களில் அலைய நேரும். மரம் வீழ்ந்துவிட்டாலோ, குளம் தூர்ந்துவிட்டாலோ அவ்வடையாளமும் பயன்படாது. நெய்வேலி நகரியத்தில் இவ்விடர் இல்லை. அந்நகரியம் பல வட்டங்களாகப் பகுக்கப்பெற்று, ஒவ்வொரு வட்டமும் எண்ணால் வழங்கப்பெறுகின்றது. வட்டத்தின் எண்ணும், தெருவின் பெயரும், வீட்டின் எண்ணும் அறிந்தவர் எவரையும் வினவாமல் நேரே சென்று கதவைத் தட்டலாம்.

ஓர் ஊருக்கு அமைந்த இவ்வொழுங்கு உலகம் முழுமைக்கும் அமைதல் வேண்டும் என்று அறிஞர் எண்ணினர். அதன் பயனாகவே நிலவுருண்டையின்மீது கிழக்கு மேற்காக அட்சக்கோடுகளும், வடக்கு தெற்காகத் தீர்க்கக்கோடுகளும் கற்பனையாக வரையப்பெற்றன. நெய்வேலி ஏறத்தாழ வடக்கு அட்சம் 11½ பாகையிலும், கிழக்குத் தீர்க்கம் 79½ பாகையிலும் அமைந்துள்ளது. இவ்விரண்டு எண்களே உலகப் படத்தில் அவ்வூரின் முகவரியாகும். கோடுகளைத் தாளில் வரைதல் எளிது. மலையும் காடும் ஆறும் நிறைந்த மெய்யான நிலத்தில் ஓரிடத்தின் முகவரியைப் பிழையின்றிக் காணுதல் அரிது. அவ்வரிய செயலை நம் தமிழ்மண்ணில் தொடங்கி, இருபது ஆண்டுகளுக்கு மேல் அதற்கென்றே உழைத்து, அப்பணியிடையே உயிர்நீத்தவர் ஒருவர் உண்டு. அவரே வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயர்.

இளமையும் படைப்பணியும்

லாம்டன் இங்கிலாந்து நாட்டின் வடபகுதியாகிய யார்க்சயரில், எளிய குடும்பம் ஒன்றில், 1750-களில் பிறந்தார். அவர் செல்வமும் செல்வாக்கும் உடையவர் அல்லர். கணக்கில் கூர்த்த அறிவு ஒன்றே அவருடைய முதலாக இருந்தது. 1781ஆம் ஆண்டில் அவர் படையில் சேர்ந்தார். அக்காலத்தில் வட அமெரிக்காவில் நிகழ்ந்துகொண்டிருந்த விடுதலைப் போரில் ஆங்கிலப் படை தோல்வியுற, லாம்டனும் சிறைப்பட்டார். விடுதலை பெற்றபின் இன்றைய கனடா நாட்டிலுள்ள நியூ பிரன்சுவிக்கு என்னும் பகுதியில் பல ஆண்டுகள் தங்கி, குடியேறுவோர்க்குரிய நிலங்களை அளக்கும் பணியை மேற்கொண்டார்.

அங்கிருந்தபோது கதிரவன் மறைப்பு ஒன்றைப் போதிய காப்பின்றி நோக்கியமையால், அவருடைய ஒரு கண்ணின் பார்வை பழுதுற்றது என்பர். எஞ்சிய ஒரு கண்ணைக்கொண்டே அவர் பிற்காலத்தில் விண்மீன்களையும் தொலைவிலுள்ள மலைமுகடுகளையும் நுணுகி நோக்கினார். தனிமை மிகுந்த அந்நாள்களில் அவர் நூல்களையே நண்பராகக் கொண்டு, நிலவுருண்டையின் வடிவத்தையும் அளவையும் ஆராயும் உயர்கணிதத்தைத் தாமே கற்றுத் தேர்ந்தார்.

விண்மீன் காட்டிய வழி

1790-களின் பிற்பகுதியில் லாம்டன் தம் படைப்பிரிவுடன் இந்தியா வந்தார். 1799ஆம் ஆண்டில் திப்பு சுல்தானுக்கு எதிராக நிகழ்ந்த போரில் அவரும் பங்குகொண்டார். சீரங்கப்பட்டணத்தின் அருகே ஒருநாள் இரவில் படையொன்று தன் பாசறைக்குத் திரும்புவதாக எண்ணி நடந்துகொண்டிருந்தது. வானத்தை நோக்கிய லாம்டன், படை வடக்கே செல்வதற்கு மாறாகத் தெற்கே, பகைவர் இருக்கும் திசையில் செல்வதை உணர்ந்து தலைவரிடம் தெரிவித்தார். தலைவர் முதலில் நம்பவில்லை. பின்னர்த் திசைகாட்டியைக் கொண்டு நோக்கியபோது, லாம்டன் கூறியதே உண்மை எனத் தெளிந்து படையைத் திருப்பினார். விண்மீன்களின் நிலையைக்கொண்டு மண்ணில் தன் நிலையை அறியலாம் என்னும் உண்மை அன்று பலர் உயிரைக் காத்தது.

போர் முடிந்தபின் பரந்த நிலப்பகுதி கிழக்கிந்தியக் குழுமத்தின் ஆட்சிக்கு உட்பட்டது. வரி தண்டவும் படை செலுத்தவும் ஆட்சியாளர்க்கு நிலப்படங்கள் தேவையாயின. அன்றிருந்த படங்களோ வழிநடைத் தொலைவையும் செவிவழிச் செய்தியையும் கொண்டு வரையப்பட்டவை. ஒரு படத்தில் ஆற்றின் வடகரையில் உள்ள ஊர், மற்றொன்றில் தென்கரையில் இருக்கும். இக்குறை நீங்கவேண்டுமாயின், முதலில் சில இடங்களின் நிலையை ஐயத்திற்கு இடமின்றி நிறுவுதல் வேண்டும். ஏனைய இடங்களை அவற்றோடு பிணைத்தல் வேண்டும். இக்கருத்தை வலியுறுத்தி, சோழமண்டலக் கரைமுதல் மேற்குக் கடற்கரைவரை அளக்கும் திட்டம் ஒன்றை லாம்டன் வகுத்து அரசுக்கு அளித்தார். சென்னை ஆளுநர் அதனை ஏற்றார்.

கருவிகள் வந்த கதை

இப்பணிக்கு நுண்ணிய கருவிகள் வேண்டியிருந்தன. எஃகுச் சங்கிலி ஒன்றும், விண்மீன்களை நோக்கும் கருவி ஒன்றும் கல்கத்தாவில் கிடைத்தன. அவை சீனப் பேரரசருக்குப் பரிசாக எடுத்துச் செல்லப்பெற்று, அவரால் ஏற்கப்படாமல் திரும்பியவை. கோணங்களை அளக்கும் தியோடலைட்டு என்னும் பெருங்கருவி இலண்டனில் செய்யப்பெற்றது. அதன் எடை ஏறத்தாழ அரை டன். அதனை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் இடைக்கடலில் பிடித்து மொரீசியசுத் தீவிற்குக் கொண்டுசென்றனர். ஆயினும் அது போர்க்கருவி அன்று, அறிவுக்கருவி என்பதை உணர்ந்த அத்தீவின் பிரெஞ்சு ஆளுநர், அதனைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். இரு நாடுகள் பகைகொண்டிருந்த காலத்திலும் கல்வி பகையைக் கடந்து நின்றமை போற்றத்தக்கது.

பரங்கிமலை அடிக்கோடு

மாணவர் வடிவியலில் ஓர் உண்மையைக் கற்றிருப்பர். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தின் நீளமும், அப்பக்கத்தின் இரு முனைகளிலும் உள்ள கோணங்களும் தெரிந்தால், எஞ்சிய இரு பக்கங்களின் நீளங்களைக் கணக்கிட்டே அறியலாம். லாம்டனின் முறை முழுவதும் இவ்வுண்மையில் அடங்கும். ஒரு பக்கத்தை மட்டும் நிலத்தில் சங்கிலியிட்டு அளத்தல் வேண்டும். அதுவே அடிக்கோடு. பின்னர்த் தொலைவிலுள்ள மலையுச்சி ஒன்றினை அதன் இரு முனைகளிலிருந்தும் நோக்கிக் கோணம் அளந்தால் முதல் முக்கோணம் அமையும். அம்முக்கோணத்தின் பக்கமே அடுத்த முக்கோணத்திற்கு அடிக்கோடாகும். இங்ஙனம் ஒன்றோடொன்று பிணைந்து முக்கோண வலை நாடு முழுவதும் விரியும். ஆற்றைக் கடந்தும், காட்டைக் கடந்தும் தொலைவை அறியலாம். சங்கிலியை ஆங்கெல்லாம் இழுத்துச் செல்ல வேண்டுவதில்லை.

ஆனால் இம்முறையில் ஓர் இடர் உண்டு. அடிக்கோட்டில் விளையும் சிறுபிழை முக்கோணந்தோறும் தொடர்ந்து பெருகும். விதை பழுதானால் விளைவு முழுதும் பழுதாதல் போன்றது அது. ஆதலின் அடிக்கோட்டை அளப்பதில் லாம்டன் கொண்ட கவனத்திற்கு அளவே இல்லை.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 10ஆம் நாள், சென்னைக்குத் தெற்கே பரங்கிமலையின் அருகில் அப்பணி தொடங்கியது. ஏறத்தாழ ஏழரை மைல் நீளம், அஃதாவது 12 கிலோமீட்டர், நூறடிச் சங்கிலியால் அளக்கப்பெற்றது. சங்கிலியை வெறுந்தரையில் இடவில்லை. தாங்கிகளின்மீது மரப்பெட்டிகளை மட்டமாக வரிசைப்படுத்தி, அவற்றினுள் சங்கிலியை நீட்டினர். எஃகு வெயிலால் நீளுமாதலின், வெப்பமானிகளை அருகில் வைத்து, வெப்பத்திற்கேற்பக் கணக்கைத் திருத்தினர். மேலே கூடாரத் துணியால் நிழல் செய்தனர். சென்னையின் கத்தரி வெயிலில், நூறடி நூறடியாக, ஏறத்தாழ நானூறு முறை சங்கிலி இடப்பெற்றது. விரைந்து முடித்தல் அவர் நோக்கமன்று. பின்வருவோர் ஐயுறாதவாறு முடித்தலே அவர் நோக்கம்.

திருவந்திபுரம்

பரங்கிமலையில் தொடங்கிய முக்கோணங்கள் கடற்கரையை ஒட்டித் தெற்கே இறங்கி, கடலூரை அடுத்த திருவந்திபுரம்வரை வந்தன. கெடிலத்தின் கரையில், திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்ற திருவயிந்திரபுரமே இன்று திருவந்திபுரம் என வழங்குகின்றது. நெய்வேலி அடங்கிய கடலூர் மாவட்டத்தின் இவ்வூர், நிலவுருண்டையை அளந்த வரலாற்றில் இடம்பெற்றது என்பதை அம்மாவட்ட மாணவருள் பலர் அறியார்.

லாம்டன் ஆங்கு விண்மீன்களை இரவுதோறும் நோக்கி, அவ்விடத்தின் அட்சத்தைக் கண்டார். வடக்கே சென்னைப் பக்கத்தில் மற்றோரிடத்தின் அட்சத்தையும் அவ்வாறே கண்டார். இரண்டிற்கும் இடையே வேறுபாடு ஒன்றரைப் பாகைக்குச் சற்று மிகுதி. அவ்விரண்டு இடங்களுக்கும் இடையே நிலத்தில் உள்ள தொலைவு முக்கோணக் கணக்கால் முன்னரே தெரிந்திருந்தது. தொலைவைப் பாகையால் வகுக்க, ஒரு பாகையின் நீளம் கிடைத்தது. அது ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர். நிலவுலகம் முழு உருண்டையாக இருப்பின், எந்நாட்டில் அளந்தாலும் ஒரு பாகையின் நீளம் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். அங்ஙனம் இல்லை. துருவத்தின் பக்கம் அது 111.7 கிலோமீட்டராக மிகுகின்றது. நிலவுலகம் நாரத்தைப்பழம்போல் துருவங்களில் சற்றே தட்டையாக இருப்பதே அதற்குக் காரணமாகும். அத்தட்டையின் அளவைத் துல்லியமாக அறிந்தாலன்றி நல்ல நிலப்படம் வரைய இயலாது.

எள்ளலும் மெய்யும்

நற்பணி எதற்கும் தடை உண்டு. இவ்வளவைக்கு ஆகும் செலவைக் கண்ட அரசின் நிதிக்குழு உறுப்பினர் ஒருவர் அதனை எள்ளினாராம். சீரங்கப்பட்டணம் செல்ல விரும்புவோர் பல்லக்குத் தூக்குவோரிடம் கூறினால் போதும், அவர்களே கொண்டுசேர்ப்பர், அவ்வூரின் இருப்பிடத்தை அறிய இத்துணைப் பொருள் எதற்கு என்பது அவர் கருத்து.

லாம்டன் சொல்லால் விடைகூறவில்லை, செயலால் கூறினார். 1804ஆம் ஆண்டில் பெங்களூருக்கு அருகே இரண்டாவது அடிக்கோடு அளக்கப்பெற்றது. பரங்கிமலையிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வந்த கணக்கையும், ஆங்குச் சங்கிலியால் அளந்த நீளத்தையும் ஒப்பிட்டபோது, பல மைல் நீளத்தில் வேறுபாடு நான்கு அங்குலங்கூட இல்லை. முக்கோணங்கள் மேற்குக் கடற்கரையை எட்டியபோது மற்றோர் உண்மை வெளிப்பட்டது. சென்னைக்கும் மேற்குக் கரைக்கும் இடையே 400 மைல் என முன்னைய படங்கள் காட்டின. மெய்யான அகலம் 360 மைலே. நாற்பது மைல் அகலமுள்ள நிலம் அதுகாறும் தாளில் மட்டுமே இருந்தது! பல்லக்குத் தூக்குவோர் ஊரைக் காட்டுவர். நாட்டின் வடிவை அவர் காட்டார் என்பது அப்போது விளங்கிற்று.

தஞ்சையில் நேர்ந்த இடர்

மேட்டுநிலத்தில் மலைமுகடுகள் உயரமான நிலைகளாக உதவின. காவிரி பாயும் சமவெளியிலோ மலைகள் இல்லை. தென்னையும் மாவும் கண்ணோட்டத்தை மறைத்தன. ஆங்குக் கோயில் கோபுரங்களே குன்றுகளாயின. 1808ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரியகோயிலின்மீது தியோடலைட்டை ஏற்ற முற்பட்டனர். கயிறு அறுந்தது. அப்பெருங்கருவி ஊசலாடிச் சுவரில் மோதியது. கோணங்கள் குறிக்கப்பெற்ற வட்டத்தகடு நெளிந்துபோயிற்று.

இராசராசன் தன் நாட்டு நிலங்களை அளப்பித்தவன். அவ்வாறு நிலமளந்த கோலுக்கு உலகளந்த கோல் என்றே பெயர். அப்பேரரசன் எடுப்பித்த கோயிலில், உலகளக்க வந்த மற்றொரு கருவி உடைந்தமை காண்போர் நெஞ்சை வருத்தியிருக்கும். புதிய கருவிக்கு இலண்டனுக்கு எழுதினால், அது கடல்கடந்து வந்துசேர ஆண்டுக்கணக்கில் காத்திருத்தல் வேண்டும். லாம்டன் யாரையும் சினந்து கொண்டிருக்கவில்லை. கூடாரத்தினுள் கருவியோடு புகுந்து, கைத்தொழில் வல்லார் சிலரையன்றி எவரையும் உள்ளே விடாது, அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்தார். பலகையொன்றில் வட்டத்தகட்டின் உரிய அளவில் வட்டம் வெட்டி, ஆப்பு, திருகு, கப்பி ஆகியவற்றைக்கொண்டு நெளிவைச் சிறிது சிறிதாக இழுத்து நேர்செய்தார். ஆறு வாரங்களில் கருவி ஏறத்தாழப் பழைய நிலையை அடைந்தது. அளவை மீண்டும் தொடர்ந்து தென்குமரி நோக்கிச் சென்றது.

துணைநின்றோர்

இப்பெரும்பணி லாம்டன் ஒருவரால் மட்டும் நிறைவேறியதன்று. சென்னை நிலஅளவைப் பள்ளியில் பயின்ற இளைஞர்கள் அவருக்கு உறுதுணையாயினர். சங்கிலி பிடித்தோர், மலையுச்சியில் கொடி நட்டோர், இரவில் விளக்கேந்தி நின்றோர், அரை டன் கருவியைத் தோளில் சுமந்தோர் ஆகிய நம் நாட்டு எளிய மக்கள் எண்ணற்றோர். 1819ஆம் ஆண்டில் கிருட்டிணை, கோதாவரி ஆறுகளுக்கு இடைப்பட்ட காட்டில் அளவைக் குழுவினரைக் கொடிய காய்ச்சல் பற்ற, அவருள் சிலர் மாண்டனர். அவர்தம் பெயர்கள் ஏடுகளில் இல்லை. நாம் இன்று விரிக்கும் ஒவ்வொரு படத்திலும் அவர்களின் உழைப்பும் கலந்துள்ளது.

மெக்கன்சியும் லாம்டனும்

லாம்டன் முக்கோணம் அமைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், காலின் மெக்கன்சி என்னும் மற்றோர் அளவையாளர் மைசூர் நாட்டைத் தம் முறையில் அளந்து வந்தார். இவர் ஊர்களையும் ஏரிகளையும் சாலைகளையும் குறித்ததோடு நில்லாமல், காவலி வேங்கட போரையா முதலிய அறிஞர் துணையோடு, ஊர்வரலாறுகளையும் கல்வெட்டுகளையும் ஏட்டுச்சுவடிகளையும் திரட்டினார். அத்திரட்டின் ஒரு பெரும்பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் பாதுகாக்கப்பெற்றது. மெக்கன்சி 1815ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் தலைமை நிலஅளவையாளராக அமர்ந்தார்.

இவ்விருவர் பணியையும் ஒருங்கே நோக்குதல் நலம். ஓரிடம் எங்கே உள்ளது என்பதற்கு விடை தந்தவர் லாம்டன். அவ்விடத்தில் என்ன உள்ளது என்பதற்கு விடை தேடியவர் மெக்கன்சி. முன்னது இடத்தகவல், பின்னது பண்புத்தகவல். இரண்டும் இணைந்தாலன்றி நிலத்தைப் பற்றிய அறிவு நிறைவுறாது.

இறுதிப் பயணம்

1818ஆம் ஆண்டில் இவ்வளவை இந்தியப் பெரு முக்கோண அளவை எனப் பெயர்பெற்று, தலைமை ஆளுநரின் நேர்பார்வையில் வந்தது. அவ்வாண்டிலேயே சார்சு எவரெசுட்டு என்னும் இளைஞர் லாம்டனுக்கு உதவியாளராக அமர்த்தப்பெற்றார். இலண்டன் அறிவியற் கழகமும் பிரெஞ்சு நாட்டு அறிவியற் கழகமும் லாம்டனை உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தன. அவர் காலத்தில் அளக்கப்பெற்ற நிலம் ஏறத்தாழ 165,000 சதுரமைல்.

புகழ் வந்தபின்னும் அவர் ஓய்வை நாடவில்லை. எழுபது அகவையை நெருங்கிய நிலையிலும், இருமலால் நலிந்த உடலோடு, நாகபுரியை நோக்கிப் புறப்பட்டார். வழியில், இன்றைய மராட்டிய மாநிலத்து இங்கன்காட்டு என்னும் ஊரில், 1823ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 20ஆம் நாள் உயிர்துறந்தார். அவருடைய கல்லறை அங்கே உள்ளது. தொடங்கிய பணியின் முடிவை அவர் காணவில்லை. எவரெசுட்டு அதனை இமயத்தின் அடிவாரம்வரை கொண்டுசென்று 1841ஆம் ஆண்டில் முடித்தார். அவ்வளவையின் தொடர்ச்சியாகவே உலகின் மிகவுயர்ந்த சிகரம் கண்டறியப்பெற்றது. அதன் கணக்கில் வங்காளக் கணிதர் இராதாநாத் சிக்தாரின் பங்கு பெரிது. அச்சிகரம் எவரெசுட்டின் பெயரைத் தாங்கி நிற்கின்றது; அடிக்கோடு இட்ட லாம்டனின் பெயரோ பலர் அறியாததாயிற்று.

அடுக்குகளாய் அமைந்த படம்

லாம்டன் மறைந்து ஒன்றரை நூற்றாண்டிற்குள், அவர் இளமையில் நிலமளந்த அதே கனடா நாட்டில், 1960-களில், ஒரு புதுமுறை தோன்றியது. நிலப்படங்களைக் கணிப்பொறியில் ஏற்றி ஆராயும் அம்முறையை ரோசர் டாம்லின்சன் என்பார் உருவாக்கினார். அதுவே புவித் தகவல் அமைப்பு.

அதன் அடிப்படை கடினமானதன்று. ஒளிபுகும் மெல்லிய தாள்கள் பலவற்றை எண்ணிப் பார்க்கலாம். ஒரு தாளில் கிணறுகளைப் புள்ளிகளாகவும், மற்றொன்றில் சாலைகளையும் வாய்க்கால்களையும் கோடுகளாகவும், வேறொன்றில் வயல்களையும் ஏரிகளையும் பரப்புகளாகவும் வரையலாம். ஒவ்வொரு தாளும் ஓர் அடுக்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் கோட்டிற்கும் பரப்பிற்கும் பின்னே ஒரு பட்டியல் உண்டு. கிணறு என்னும் புள்ளிக்கு அதன் ஆழமும் நீர்மட்டமும், வயல் என்னும் பரப்பிற்கு அதன் அளவும் விளைபயிரும் அப்பட்டியலில் அடங்கும். செயற்கைக்கோள் எடுத்த படமாயின், நிலம் சிறுசிறு கட்டங்களாகப் பகுக்கப்பெற்று, கட்டந்தோறும் ஓர் எண் இடப்பெறும். இத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நோக்கினால், தனித்தனியே காணும்போது தோன்றாத உறவுகள் புலப்படும். தாழ்ந்த நிலமாகவும் வாய்க்காலுக்கு அருகிலும் உள்ள வயல்கள் எவை என வினவினால், வெள்ளத்தில் முதலில் மூழ்குவன எவை என்பதற்கு விடை கிடைக்கும்.

நெய்வேலி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1935ஆம் ஆண்டளவில் சம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1956ஆம் ஆண்டில் அதற்கென நிறுவனம் அமைந்தது. 1957ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் சுரங்கப் பணியைப் பிரதமர் நேரு தொடங்கிவைத்தார். ஆங்கு நிலமே அடுக்கடுக்காக உள்ளது. மேலே மண்ணும் மணற்பாறையும், அதன்கீழ்ப் பழுப்பு நிலக்கரி, அதற்கும் கீழே அழுத்தத்தோடு மேலெழ முயலும் நிலத்தடி நீர். துளையிட்டு ஆய்ந்த ஒவ்வோரிடமும் படத்தில் ஒரு புள்ளி. எத்தனை மீட்டரில் நிலக்கரி தொடங்கியது, எத்தனை மீட்டர் தடித்தது என்பன அப்புள்ளியின் பண்புகள். நிலத்தின்மேலே ஊர்களும், முந்திரித் தோப்புகளும், நெல்வயல்களும், ஏரிகளும் மற்றைய அடுக்குகள்.

இவ்வடுக்குகள் யாவும் ஒன்றன்மேல் ஒன்று பிழையின்றிப் பொருந்துதல் வேண்டும். அப்பொருத்தத்தை அளிப்பது யாது? ஒவ்வோரிடத்தின் முகவரியும் ஒரே அடிப்படையில் கணக்கிடப்பெற்றிருத்தலே. லாம்டனும் எவரெசுட்டும் அளந்த அளவைகளிலிருந்து வகுக்கப்பெற்ற நிலவுருண்டை வடிவமே, எவரெசுட்டு உருவம் என்னும் பெயரால், நூற்றாண்டிற்கு மேலாக இந்திய நிலப்படங்களுக்கு அடிப்படையாக இருந்தது. இன்றைய செயற்கைக்கோள் முறை வேறோர் உருவத்தை அடிப்படையாகக் கொண்டது. பழைய படத்தையும் புதிய படத்தையும் திருத்தமின்றி அடுக்கினால், தமிழ்நாட்டில் ஓரிடம் நூறு மீட்டருக்கும் மேல் விலகித் தோன்றும்.

நூறு மீட்டர் சிறுதொலைவு எனத் தோன்றலாம். சுரங்கத்தின் எல்லைக்கோடு ஓர் உழவரின் கிணற்றுக்கு இப்பாலா, அப்பாலா என்பது அந்நூறு மீட்டரில் அடங்கும். ஒரு குடும்பத்தின் வீடும் வயலும் எப்பட்டியலில் சேரும் என்பதும் அதில் அடங்கும். படத்தில் விடுபட்ட கிணற்றுக்கு இழப்பீடு கேட்க இயலாது. படத்தில் இல்லாத குடிசையை அலுவலகத்தில் இருப்பவர் அறியார். ஆதலின் நிலப்படம் வரைவோரின் நேர்மை, நீதி வழங்குவோரின் நேர்மைக்கு ஒப்பாகும். லாம்டனின் அளவை ஆளவந்தோரின் வரிக்கும் படைக்கும் பயன்பட்டது உண்மையே. அதே கலை இன்று மக்களின் நலத்திற்கும் உரிமைக்கும் பயன்படுதல் வேண்டும். அது கருவியினால் ஆவதன்று. அதனைக் கையாளும் நம்மால் ஆவது.

இன்று கைப்பேசியின் திரையில் விரலை வைத்த அளவில் நாம் நிற்குமிடம் புள்ளியாய்த் தோன்றுகின்றது. அவ்வெளிமைக்குப் பின்னே, பரங்கிமலையின் கொளுத்தும் வெயிலில் நானூறு முறை சங்கிலியிட்ட ஒருவரின் பொறுமை உள்ளது. பிறர் காணாத இடத்தும் தம் அளவில் பிழை புகாமல் காத்தார் அவர். அவர் இட்ட அடிக்கோடு நேராக இருந்தமையால், அதன்மேல் எழுந்த முக்கோணங்கள் இமயம்வரை நேராகச் சென்றன. கல்வியைத் தொடங்கும் மாணவர்க்கும் அடிக்கோடு ஒன்று உண்டு. அதனை ஐயமின்றி, விரைவின்றி, பிழையின்றி இடுதலே லாம்டனின் வாழ்விலிருந்து நாம் கற்கத்தக்கது.